பக்கம் பதினெட்டு

பிப்ரவரி. வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது:
விளையாட்டுத் துறைக்குப் பொன்விழாவாம்,
மலர் போடுகிறார்கள்.
பக்கம் பதினெட்டை மட்டும்
அந்நாளைய அணித்தலைவி என்ற முறையில்
நான் சரிபார்த்துத் தரவேண்டும்.

1979, நீளம் தாண்டுதல், ஜெ. அமலோற்பவம், ஐந்து மீட்டர் நாற்பத்தொன்று.
முந்தின இரவு பெய்த மழையில்
மணற்குழி களியாகிக் கிடந்ததை யாரும் எழுதவில்லை.
1983, தொடரோட்டம், தங்கம்.
1986, பூப்பந்து, ஐவர் ஆட்டம், பல்கலைக்கழகக் கோப்பை,
வேதவல்லி கல்லூரி
29–24, 22–29, 29–27.

எண்களெல்லாம் சரி.
குணசுந்தரிக்கு இரண்டு சுழி போட்டிருந்தார்கள்,
மூன்றாக்கினேன்.
பிறகு அந்தக் கடைசி எண்ணின் மேல்
விரலை வைத்துக்கொண்டு
தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பூப்பந்து என்றால் இங்கே யாருக்கும் தெரியாது.
இறகுப்பந்தா என்பார்கள்.
இல்லை, மஞ்சள் கம்பளியில் உருட்டியது,
குருவிக்குஞ்சின் கனம்,
ஆடுகிறவள் பேச்சைக் கேட்காது,
காற்றின் பேச்சைக் கேட்கும்.

அன்றைக்கு மேல்காற்று.
மூன்றாவது ஆட்டம், இருபத்தெட்டு – இருபத்தேழு,
சர்வீஸ் எங்கள் பக்கம்.
எஸ்தர் பாக்கியம் முழங்காலுக்குக் கீழிருந்து சுழற்றி
என் இடது தோளுக்கு அனுப்பினாள்.
ஒதுங்கினேன், மட்டையைக் கொடுத்தேன்,
பந்து வலையின் மேல்நாடாவில் ஒரு கணம் உட்கார்ந்து யோசித்து
அந்தப் பக்கம் இறங்கிற்று.

மட்டைக்கு முன்னால்
அது என் சட்டைக்கையைத் தொட்டிருந்தது.
கம்பளி பருத்தியில் பட்டால்
சத்தம் வராது.

நடுவர் எங்கள் பக்கம் கை காட்டினார்.
எஸ்தர் தன் கையைத் தூக்கினாள்,
என்ன நினைத்தாளோ,
தூக்கிய கையாலேயே
நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கோப்பையைக் காட்டித்தான் எனக்கு ரயில்வே வேலை.
ரயில்வேயைக் காட்டித்தான் பெண் பார்க்க வந்தார்கள்.
மாப்பிள்ளையின் அண்ணன் மனிடோபாவில் இருந்தார்.
இப்படி எண்ணிக்கொண்டே போனால்
இந்த வீட்டின் ஹீட்டர்கூட
ஒரு சட்டைக்கையில் தொங்குகிறது.

எஸ்தரும் இதே ஊரில்தான் இருக்கிறாள்.
செயின்ட் போனிஃபேஸ் மருத்துவமனையில் இரவு நர்ஸ்.
நாலு வருஷமாக, சனிக்கிழமைதோறும்
பள்ளிக்கூட ஜிம்மில்
பிலிப்பைன்ஸ்காரர்களோடு இறகுப்பந்து ஆடுகிறோம்,
நானும் அவளும் ஒரே பக்கம்.
என் பின்னால் விழுவதையெல்லாம் அவள் எடுப்பாள்.
ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இன்று ஆட்டம் முடிந்து
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னேன்.
முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.
சுரண்டுகிற சத்தத்தோடு சத்தமாகச் சொன்னேன்.

"தெரியுமே," என்றாள்.
"இப்ப அதை எழுதி என்ன பண்ணுவாங்க?
கோப்பையைப் பார்சல்ல அனுப்புவாங்களா?"
மூச்சு வெள்ளையாக வந்து நின்றது.
கையுறையை உருவிக்கொண்டு கேட்டாள்:
"எங்க காலேஜ்ல அடுத்த வருஷமே கோர்ட்டை எடுத்துட்டாங்க.
சைக்கிள் ஷெட் கட்டினாங்க.
எங்களைப் பத்தி மலர் போட யாருமில்ல.
உங்க மலர்ல எங்க பேர் இருக்கா?"

இல்லை.
'இரண்டாமிடம் பெற்ற அணியை வென்று' என்று இருக்கிறது.

காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரை ஏற்றிவிட்டு
அவள் சொல்லச் சொல்ல
போனில் தட்டினேன்:
எஸ்தர் பாக்கியம். சந்தனமாரி. மும்தாஜ் பேகம்.
லூர்து ஜெயசீலி.
ஐந்தாவது பெயர் அவளுக்கே வரவில்லை.
பின்வரிசை, இடக்கைக்காரி,
ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஆடுவாள்,
அரையிறுதியில் கால் வெடித்து
கோட்டின் சுண்ணாம்பில் ரத்தம் பட்டது,
அவ்வளவும் நினைவிருக்கிறது, பெயர் இல்லை.
பாலம் தாண்டும்வரை யோசித்தாள்.
சிக்னலில் "ப"வில் தொடங்கும் என்றாள்,
அடுத்த சிக்னலில் இல்லை என்றாள்.

இரவு அனுப்பிவிட்டேன்.
குணசுந்தரிக்கு மூன்று சுழி.
29–27க்குக் கீழே
சட்டைக்கை பற்றி ஒரு வரி,
போட்டால் போடட்டும்.
அதற்குக் கீழே நான்கு பெயர்கள்,
ஐந்தாவது இடத்தில்
ஒரு கோடு.